ஸ்பீடோமீட்டர் முள் நின்றுபோனதா? முதலில் மீட்டரில் கை வைக்காதீர்கள்

ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, முள் மட்டும் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. இதைக் கவனித்தவுடன் சிலர் மீட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டி முழு மீட்டரையும் மாற்றிவிடுகிறார்கள். இன்னும் சிலர், வண்டிதான் ஓடுகிறதே என்று மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறுதான். பழுது மீட்டரில் தெரிகிறதே தவிர, பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. முன்சக்கரத்தில் தொடங்கும் சுழற்சி வழியில் எங்கேயோ அறுந்துபோயிருக்கும். அந்த இடத்தைப் பார்க்காமல் எந்தப் பாகத்தை மாற்றினாலும் அது குருட்டாம்போக்கு வேலைதான்.

கேபிள் வைத்த வண்டியை முதலில் எடுத்துக்கொள்வோம். முன்சக்கர அச்சை ஒட்டி ஒரு சின்னப் பல்சக்கர ஜோடி இருக்கும். சக்கரம் சுற்றும்போது அது கேபிளுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பியைச் சுற்றும். கம்பியின் மேல்முனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்தக் காந்தம் முள்ளைத் தொடுவதே இல்லை என்பதுதான். காந்தத்தைச் சூழ்ந்து ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. காந்தம் சுழன்றால் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் கூடவே திரும்பப் பார்க்கும். தலைமுடி போல மெலிந்த ஒரு சுருள்வில் அதைப் பின்னால் இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஓட்டோ ஷூல்ட்சே என்பவர் 1902-ல் காப்புரிமை பெற்ற முறை இது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கேபிள் மீட்டர்கள் இதே முறையில்தான் வேலை செய்கின்றன.

கிலோமீட்டர் எண்கள், மீட்டருக்குள் காந்தத்தைச் சுழற்றும் அதே தண்டிலிருந்து நேரடியாகப் பல்சக்கரம் வழியாக ஓடுகின்றன. இது தெரிந்தால் ஸ்பேனரைத் தொடாமலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். முள்ளும் எண்களும் சேர்ந்து நின்றிருந்தால், அநேகமாகக் கேபிளிலோ சக்கரத்திலோ கோளாறு. எண்கள் ஓடுகின்றன, முள் மட்டும் படுத்துவிட்டது என்றால் கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. மீட்டருக்குள் வில்லோ கிண்ணமோ கெட்டிருக்கிறது. முள் சரியாகக் காட்டுகிறது, எண்கள் மட்டும் நகரவில்லை என்றால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று பல் இழந்திருக்கும். முள் நடுங்கினாலோ தாவித் தாவி ஏறினாலோ கேபிள் வறண்டிருக்கிறது, அல்லது எங்கேயோ மடிந்திருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் கடைக்குப் போய் "மீட்டர் கொடுங்கள்" என்று கேட்பதுதான் முதல் தவறு.

சுழற்சி எங்கே நிற்கிறது?

முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும்படி வண்டியை நிறுத்துங்கள். சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஒருவர் பின்பக்கத்தை அழுத்திப் பிடித்தாலே பல ஸ்கூட்டர்களில் போதும். மீட்டருக்குக் கீழே இருக்கும் கேபிள் நட்டைக் கழற்றி, கம்பியின் முனை கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றுங்கள். முனை சுற்றுகிறதா? அப்படியானால் கீழே எல்லாம் சரி. மீட்டரையோ, மீட்டருக்குள் நுழையும் அந்த முனையையோதான் பார்க்க வேண்டும். முனையின் சதுர மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிட்டால், கம்பி சுற்றும், மீட்டர் சுற்றாது.

முனை சுற்றவில்லையா? கீழ்ப்பக்கத்தையும் கழற்றி, கம்பியை விரலால் திருகிப் பாருங்கள். மறுமுனையும் கூடவே திரும்பினால் கேபிள் பிழைத்தது, சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரம்தான் குற்றவாளி. திரும்பவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. இதற்குப் பத்து நிமிடம் ஆகாது. ஆனாலும் இதைச் செய்யாமல் பாகம் வாங்குபவர்கள்தான் அதிகம்.

அறுந்த கம்பியை உருவும்போது எல்லாத் துண்டும் வந்ததா என்று பாருங்கள். முனையில் ஒரு விரற்கடை நீளம் உடைந்து சக்கரப் பக்கத் துளைக்குள்ளேயே தங்கிவிடுவது உண்டு. அது தெரியாமல் புதுக் கேபிளை நுழைத்தால் போகாது. நட்டை வைத்து இறுக்கி இழுத்தால் பினியன், அதாவது கம்பியைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம், உடையும்.

மீட்டரைச் சோதிக்க டிரில் மெஷினை மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். செய்யலாம், ஆனால் மிக மெதுவான வேகத்தில், சரியான திசையில். சக்கரம் முன்னோக்கிச் சுற்றும்போது கம்பி எந்தப் பக்கம் சுற்றியது என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் வேகமாகச் சுற்றினால் முள் தன் தடுப்பில் போய் முட்டி வளையும்.

கேபிள் ஏன் அறுந்தது என்று கேட்காமல் மாற்றுவது

இதுதான் அதிகம் நடக்கும் தவறு. எனக்கே நடந்தது. புதுக் கேபிள் போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மறுபடியும் முள் படுத்துவிட்டது. கேபிள்தான் மட்டமான சரக்கு என்று நினைத்து இன்னொன்று வாங்கினேன். அதை மாட்டும் முன் பழையதை உருவி வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. கம்பி நடுவில் தேய்ந்து அறுந்திருக்கவில்லை. மேல்முனைக்கு அருகே, ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் இழைகள் முறுக்கேறிப் பிரிந்திருந்தன. கீழே சக்கரம் சுற்றச் சொல்கிறது, மேலே ஏதோ ஒன்று சுற்ற விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால்தான் கம்பி இப்படி முறுக்கிக்கொள்ளும். மீட்டரின் தண்டை விரலால் தொட்டுத் திருப்பினேன், கரகரவென்று இறுகிப்போயிருந்தது. உள்ளே எண்ணெய்ப் பசையே இல்லை. நான் மாற்றியிருக்க வேண்டியது கேபிளை அல்ல.

அறுந்த இடம் பேசும் என்பது அன்று கற்றது. மேல்முனையருகே முறுக்கிக்கொண்டு அறுந்தால் மீட்டர் தண்டைச் சோதியுங்கள். நடுவில் அறுந்தால் அந்த இடத்தில் கேபிள் கூர்மையாக மடிந்திருக்கும். மட்கார்டை ஒட்டியோ, ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலோ, வேறு வயர்களோடு சேர்த்துக் கட்டப்பட்ட இடத்திலோ பாருங்கள். புதுக் கேபிளைப் போட்டபின் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். எங்கேயும் இழுபடக் கூடாது, மடியக் கூடாது.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் பார்ப்பதும் கட்டாயம். வெளி உறை ஒரே நீளமாக இருந்தாலும் உள்கம்பி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதில் வித்தியாசம் வரும். குறைந்தால் மீட்டருக்கு எட்டாது. கூடினால் தண்டை இடைவிடாமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். நட்டை இறுக்கி முடித்த பிறகு சக்கரம் சுற்றக் கஷ்டப்பட்டால் இதுதான் காரணம்.

கிரீஸ் அதிகமானால்

கேபிளுக்கு கிரீஸ் வேண்டும். ஆனால் மெல்லியதாக, கம்பியின் மேல் பூசி விரலால் துடைத்தது போன்ற அளவில். கம்பி திருகுபோல் சுற்றப்பட்டது என்பதை மறந்துவிடாதீர்கள். அது சுழலச் சுழல கிரீஸ் மெல்ல மேலே ஏறும். மீட்டருக்குள் போய்க் காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் படிந்தால், முள் தேவைக்கு மேல் இழுபட்டு அதிக வேகம் காட்டும், அல்லது வண்டி நின்ற பிறகும் இறங்காமல் ஒட்டிக்கொள்ளும். மேல்முனையில் ஒரு சாண் நீளத்துக்கு கிரீஸே வேண்டாம். துருவை இளக்கும் ஸ்பிரேயை கேபிளுக்குள் அடிப்பதும் சரியல்ல. அது இருக்கிற கிரீஸையும் கழுவிவிட்டு, கொஞ்ச நாளில் தானும் காய்ந்துவிடும்.

கீழே நடக்கும் தவறு இன்னும் ஆபத்தானது. முன்பக்கம் டிரம் பிரேக் உள்ள ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஸ்பீடோ பல்சக்கரம் பிரேக் தட்டிலேயே இருக்கிறது. அதில் கிரீஸை அள்ளித் திணித்தால், டிரம் சூடாகும்போது இளகி பிரேக் ஷூவில் வழியும். முள் அழகாக வேலை செய்யும், முன்பிரேக் பிடிக்காது. பல்லின் மீது மட்டும் கொஞ்சம் தடவுங்கள். அங்கே இருக்கும் சீல் கிழிந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

பஞ்சர் ஒட்டிய மறுநாள் மீட்டர் ஓடவில்லையா?

அப்படியானால் கேபிளைச் சந்தேகிக்காதீர்கள். சக்கரத்தைத் திரும்ப மாட்டியபோதுதான் தவறு நடந்திருக்கும். முன்சக்கரப் பல்சக்கர ஜோடி உட்கார்ந்திருக்கும் ஸ்பீடோ பெட்டிக்குள் ஒரு வளையம் உண்டு, அதில் இரண்டு காதுகள் இருக்கும். அவை சக்கரத்தின் நடுவில் உள்ள பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். உட்காராமலேயே அச்சின் நட்டை இறுக்கினால் காதுகள் நசுங்கிவிடும். கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, கேபிள் முனை திரும்புவதை உறுதி செய்த பிறகே நட்டை இறுக்க வேண்டும். பெட்டி தனியாக இருக்கும் வண்டிகளில், அது ஃபோர்க்கில் உள்ள தடுப்பில் பொருந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். பொருந்தாவிட்டால் பெட்டியே சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, கேபிளைப் பிடுங்கி எறிந்துவிடும். அப்புறம், அச்சு நட்டின் இறுக்கம் சர்வீஸ் கையேட்டில் சொன்னபடி இருக்கட்டும். மீட்டரைச் சரிசெய்யப் போய் முன்சக்கரத்தைத் தளர விட்டுவிடக் கூடாது.

கேபிளே இல்லாத வண்டிகள்

புது ஸ்கூட்டர்களில் சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ ஒரு சென்சார் இருக்கும். இங்கே முதலில் செய்யக்கூடாதது, வயரை வெட்டிப் பார்ப்பதும் ஊசியால் குத்திப் பார்ப்பதும். குத்திய துளை வழியே ஈரம் இறங்கி, ஆறு மாதம் கழித்து வேறொரு பழுதாக வந்து நிற்கும். மீட்டர் முழுவதுமே இருண்டிருந்தால் ஃபியூஸைப் பாருங்கள். விளக்கும் பெட்ரோல் அளவும் வருகிறது, வேகம் மட்டும் வரவில்லை என்றால் சென்சார் சாக்கெட்டைக் கழற்றி, பச்சை பூத்திருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தமான தண்ணீர்ப் பீச்சலில் வண்டியைக் கழுவிய பிறகு வரும் கோளாறுகள் பல இந்தச் சாக்கெட்டில்தான் முடிகின்றன. சென்சார் முனையில் இரும்புத் துகள் அப்பியிருந்தால் துணியால் துடையுங்கள்.

மூன்று வயர் உள்ள சென்சார் பெரும்பாலும் ஹால் வகை, அதாவது காந்தப்புல மாற்றத்தை உணர்வது. அதை மல்டிமீட்டரின் ஓம் (மின்தடை) அளவில் வைத்துச் சோதித்து "செத்துவிட்டது" என்று தீர்ப்பு சொல்வது தவறு. அந்த அளவு எதையும் நிரூபிக்காது. சாவியைப் போட்டு, மின்சாரமும் எர்த்தும் வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சாக்கெட்டின் பின்பக்கம் வழியாக மல்டிமீட்டரை சிக்னல் வயரில் வைத்து, சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். வோல்ட் ஏறி இறங்கி ஏறி இறங்கி வந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் வேகமும் போய், ஏபிஎஸ் விளக்கும் எரிந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். பிரேக்குக்கும் அதே தகவல்தான் போகிறது.

சரிசெய்த பிறகு முள் சொல்வது உண்மையா?

ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் மீட்டர் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பழுது என்று நினைத்து முள்ளைப் பிடுங்கி நகர்த்தாதீர்கள். ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39-ஆம் விதிப்படி, மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாக 10 சதவீதமும் அதோடு மணிக்கு 4 கிலோமீட்டரும் காட்டலாம். அதாவது உண்மையில் 50-ல் போகும்போது 59 வரை காட்டினாலும் அந்த விதிக்கு உட்பட்டதே.

குறைவாகக் காட்டினால்தான் கவலைப்பட வேண்டும். அதற்குப் பல சமயம் டயர்தான் காரணம். 90/90-10 அளவு டயர் இருந்த முன்சக்கரத்தில் 100/90-10 அளவு டயரைப் போட்டால், விட்டம் 416 மில்லிமீட்டரிலிருந்து 434 ஆகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதலாகப் போகும், முள்ளுக்கு அது தெரியாது.

இனி, மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுபவர்களுக்கு. "எஞ்சின் சத்தத்திலேயே வேகம் தெரிந்துவிடும்" என்பார்கள். கியர் மாற்றும் பைக்கில் அது ஓரளவு நடக்கும். ஸ்கூட்டரில் நடக்காது. பெல்ட்டும் வேரியேட்டரும் உள்ள வண்டி வேகம் எடுக்கும்போது, எஞ்சின் சுற்று ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான சுற்று விகிதம்தான் மாறிக்கொண்டே போகும். 35-லும் 55-லும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒரே சத்தம்தான் கேட்கும். பாகம் வரும்வரை ஜிபிஎஸ் வேகத்தைக் காட்டும் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போனை உறுதியான ஹோல்டரில் மாட்டி, கிளம்பும் முன்பே திறந்து வைத்துவிடுங்கள். கையில் எடுத்துப் பார்க்காதீர்கள்.

அந்த நாட்களில் பெரும்பாலும் கிலோமீட்டர் எண்ணும் நின்றிருக்கும். ஆயில், கியர் ஆயில், பெல்ட் எல்லாம் அந்த எண்ணை நம்பித்தான் மாற்றப்படுகின்றன. நின்ற தேதியையும் எண்ணையும், பிறகு ஓடிய தூரத்தையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மீட்டரையே மாற்ற வேண்டி வந்தால் பழைய மீட்டரின் கடைசி எண்ணையும் அதே பக்கத்தில் குறித்து, பில்லை அங்கேயே ஒட்டிவிடுங்கள்.