சட்டம் வந்த ஆண்டும் மாற்றம் வந்த ஆண்டும்: அமெரிக்க வரலாற்றில் நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

"1920இல் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது." போட்டித் தேர்வுக் கையேடு முதல் மகளிர் தின மேடை வரை தவறாமல் வந்துவிடும் வாக்கியம் இது. பொய்யில்லை, ஆனால் அரைகுறை. இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவைப் பற்றி எழுதும்போது நேரும் பிழைகளில் பலவும் இந்த ஒரு பழக்கத்திலிருந்துதான் கிளைக்கின்றன: சட்டம் கையெழுத்தான ஆண்டையே மாற்றம் நிகழ்ந்த ஆண்டாக எடுத்துக்கொள்வது.

வயோமிங் பிரதேசத்தில் பெண்கள் 1869லேயே வாக்குரிமை பெற்றுவிட்டார்கள். மொன்டானாவின் ஜெனட் ரேங்கின் 1916 தேர்தலில் வென்று பிரதிநிதிகள் சபைக்கே போய்விட்டார். மறுபக்கம், 1920க்குப் பிறகும் தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்கள் வாக்குச்சாவடியை நெருங்க முடியவில்லை. வாக்களிக்க வரி, எழுத்தறிவுத் தேர்வு, அதற்கும் அசராதவர்களுக்கு அடியும் மிரட்டலும். 1965இன் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கதவு உண்மையாகத் திறந்தது. அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் பூர்வகுடிகள் 1948 வரை காத்திருந்தார்கள்.

"காலம் கனிந்தது, உரிமை வந்தது" என்று எழுதுவதும் பிழைதான். பெண்கள் வாக்குரிமைக்கான அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 48 மாநிலங்களில் 36 ஒப்புதல் தர வேண்டியிருந்தது; 36ஆவதாக டென்னசி. எதிர்ப்பாளர்களின் அடையாளமான சிவப்பு ரோஜாவைச் சட்டையில் குத்திக்கொண்டு சபைக்கு வந்த ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர், கடைசி நேரத்தில் ஆதரவாக வாக்களித்தார். நல்ல பிள்ளையாக இந்தத் திருத்தத்துக்கு ஆதரவு கொடு என்று அம்மா எழுதிய கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது. ஒற்றை வாக்கில் திரும்பிய விஷயத்தைக் காலத்தின் கணக்கில் எழுதக்கூடாது.

மதுவிலக்கைப் பற்றி ஒரு வரி போதும்: 1920 முதல் 1933 வரை தடை செய்யப்பட்டவை தயாரிப்பு, விற்பனை, போக்குவரத்து, ஏற்றுமதி-இறக்குமதி ஆகியவைதான், குடிப்பது குற்றமாக இருக்கவில்லை. மருத்துவர் சீட்டு இருந்தால் மருந்துக் கடையிலேயே விஸ்கி வாங்கலாம்.

பொருளாதாரப் பெருமந்தத்துக்கு வருவோம். 1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது, ரூஸ்வெல்ட் அதிபராக வந்தார், 'நியூ டீல்' என்ற அவரது நிவாரண, சீர்திருத்தத் திட்டங்களால் எல்லாம் சரியானது என்று மூன்றே வரியில் முடிப்பவர்கள் உண்டு. நிலைமை படுமோசமானது 1933இல். உழைப்பாளர்களில் நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தார். 1937இல் பொருளாதாரம் மீண்டும் இறங்கியது. வேலையின்மை உண்மையில் ஒழிந்தது உலகப் போருக்கான உற்பத்தி முடுக்கிவிடப்பட்டபோது. இதனால் ரூஸ்வெல்ட் ஒன்றுமே செய்யவில்லை என்று எதிர்த்திசையில் பாயவும் வேண்டாம். முதியோர் ஓய்வூதியத்துக்கும் வேலையிழந்தோர் உதவிக்கும் வழிசெய்த 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பெரிய விஷயம். ஆனால் விவசாயக் கூலிகளும் வீட்டு வேலைக்காரர்களும் முதலில் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். தெற்கில் அந்த இரு வேலைகளிலும் பெருமளவில் இருந்தவர்கள் கறுப்பினத்தவர்கள். தென் மாநில உறுப்பினர்களின் அழுத்தமா, வரி வசூலிப்பதில் இருந்த சிக்கலா, எது காரணம் என்ற வாதம் வரலாற்றாசிரியர்களிடையே இன்னும் ஓயவில்லை. அதை ஓய்ந்ததுபோல் எழுதாமல் இருப்பது நல்லது.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரின் பஸ் கதை. களைத்துப்போன ஒரு கறுப்பினத் தையல்காரப் பாட்டி வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார், நாடே கொதித்தது என்று சொல்லிவிடுகிறோம். 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸுக்கு வயது 42. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யின் உள்ளூர்க் கிளையில் செயலாளராக இருந்தவர். அதே ஆண்டின் கோடையில் டென்னசியில் ஒரு போராட்டப் பயிற்சி முகாமுக்கும் போய்வந்தவர். அன்று உடல் களைப்பு ஒன்றுமில்லை, விட்டுக்கொடுத்துக் கொடுத்துத்தான் சலித்துப்போயிருந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே கிளாடெட் கால்வின் என்ற 15 வயது மாணவி அதே ஊரில் எழ மறுத்துக் கைதானார். பார்க்ஸ் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை நகலெடுக்கும் இயந்திரத்தில் பஸ்களைப் புறக்கணிக்கச் சொல்லி ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை அடித்துத் தள்ளியிராவிட்டால், திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடியிருக்காது. மார்ட்டின் லூதர் கிங் தலைமைக்கு வந்தது அதற்குப் பிறகு.

புறக்கணிப்பாளர்களின் முதல் கோரிக்கை பிரிவினையை ஒழிப்பதுகூட அல்ல: மரியாதையாக நடத்து, கறுப்பின ஓட்டுநர்களை நியமி, முன்னால் வெள்ளையர் பின்னால் கறுப்பர் என்றாலும் வந்தவருக்கு முதலில் இடம் கொடு. ஊர் நிர்வாகம் இதற்கே மசியாததால்தான் வழக்கு பெரிதானது. 381 நாள் புறக்கணிப்புக்கு முடிவு கட்டிய தீர்ப்பு வந்த வழக்கில் வாதிகளில் ஒருவர் கால்வின். ரோசா பார்க்ஸ் அதில் வாதியே அல்ல.

கட்சிப் பெயர்களிலும் கவனம் வேண்டும். இன்றைய ஜனநாயகக் கட்சியையும் குடியரசுக் கட்சியையும் அப்படியே பின்னோக்கி ஒட்டக்கூடாது. 1936இல் வடக்கின் கறுப்பின வாக்காளர்கள் பெருவாரியாக ஆதரித்த அதே ஜனநாயகக் கட்சியில்தான் தெற்கின் நிறவெறித் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியாக, நம் பக்கத்துப் பிழை: அமெரிக்காவில் இந்தியர் வரலாறு 1965 குடியேற்றச் சட்டத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட், 'வெள்ளையர்' அல்ல என்பதால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் சிலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946இல் வழி திறந்தபோதும் இந்தியாவுக்கான ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். அந்தச் சட்டத்தால் 1949இல் குடியுரிமை பெற்ற பஞ்சாபி விவசாயி தலீப் சிங் சௌந்த், 1956இல் கலிபோர்னியாவிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.