டொமைன் ரெஜிஸ்ட்ராரை மாற்றுவது எப்படி? சைட்டும் மெயிலும் படுக்காமல்

டிக்கெட் போட்டு நாலு நாளாகியும் "பரிசீலனையில் உள்ளது" என்றே பதில் வருகிறதா? சாட்டைத் திறந்தால் ரோபோ, போன் போட்டால் பாட்டு மட்டும் ஓடுகிறதா? சண்டை வேண்டாம், ரெஜிஸ்ட்ராரையே, அதாவது உங்கள் டொமைனை (சைட்டின் பெயரை) பதிந்து தந்த நிறுவனத்தையே மாற்றிவிடலாம். வேலை என்னவோ ஒரு மணி நேரம்தான். காத்திருப்பு மட்டும் ஒரு வாரம் பத்து நாள் ஆகும்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றுக்கு டாட் காம் பெயர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சைட் ஒரு ஹோஸ்டிங்கில் (சைட்டின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்), மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில், டிஎன்எஸ் (சைட் எங்கே, மெயில் எங்கே என்று வழிகாட்டும் பட்டியல்) பழைய ரெஜிஸ்ட்ராரிடம். பட்டா மாறினாலும் வயலில் நிற்கிற பயிர் அப்படியேதான் நிற்கும். டொமைன் டிரான்ஸ்பரும் அப்படித்தான், சைட்டோ மெயிலோ இடம் மாறாது. ஆனால் தண்ணீர் பழைய ஆளின் மடை வழியாக வந்துகொண்டிருந்தால், அவர் அடைத்த அன்றைக்கே வயல் காயும். இங்கே அந்த மடை டிஎன்எஸ். டிரான்ஸ்பரில் கெட்டுப்போவது பெரும்பாலும் அதுதான்.

படி 1: வில்லங்கம் பாருங்கள்

டொமைன் விதிகளை வகுக்கும் உலக அமைப்பான ஐகானின் லுக்கப் பக்கத்தில் உங்கள் டொமைன் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ரெஜிஸ்ட்ரார் யார், எந்தத் தேதியில் பதிந்தது, எப்போது முடிகிறது, ஸ்டேட்டஸ் என்ன என்ற நாலையும் குறித்துக்கொள்ளுங்கள். பதிந்தோ, முன்பு டிரான்ஸ்பர் செய்தோ 60 நாள் ஆகவில்லை என்றால் இப்போதைக்கு நகர்த்த முடியாது.

ரெஜிஸ்ட்ரார் என்று நீங்கள் கேள்விப்படாத பெயர் வந்தால் பதற வேண்டாம். சைட் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டர்காரர் அந்த நிறுவனத்திடம் வாங்கி விற்கும் ரீசெல்லராக இருப்பார். அவர் தன் மெயிலிலேயே பதிந்து வைத்திருந்தால்தான் சிக்கல். "அண்ணே, டொமைனை எங்க அக்கவுண்டுக்குப் புஷ் பண்ணி விடுங்க" என்று கேளுங்கள். அதே ரெஜிஸ்ட்ராரில் நீங்கள் ஒரு கணக்குத் திறந்திருந்தால் அவருக்கு ஐந்து நிமிஷ வேலை. முறைத்துக்கொண்டு கேட்டால் ஆறு மாதம்கூட இழுக்கும்.

படி 2: மெயில் முகவரி. இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்

உரிமையாளர் மெயிலாகப் பலர் அதே டொமைனின் முகவரியைக் கொடுத்திருப்பார்கள். டிஎன்எஸ் கோளாறானால் டிரான்ஸ்பர் பற்றிய மெயில்களும் வராது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டின கதை. வெளி முகவரி ஒன்று, ஜிமெயிலே போதும், இருப்பது நல்லது.

ஆனால் உடனே போய் மாற்றிவிடாதீர்கள். டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்றவற்றில் உரிமையாளரின் பெயர், நிறுவனப் பெயர், மெயில் இந்த மூன்றில் எதை மாற்றினாலும் அது உரிமை மாற்றமாகக் கணக்காகி, 60 நாள் பூட்டு விழும். மாற்றும் நேரத்திலேயே "இந்தப் பூட்டு வேண்டாம்" என்று டிக் செய்ய ஒரு பெட்டி சில ரெஜிஸ்ட்ரார்களிடம் இருக்கும். கண்ணில் படாத மூலையில்தான் வைத்திருப்பார்கள். சேமித்த பிறகு தேடிப் பயனில்லை. பெட்டியே இல்லையென்றால், பழைய முகவரிக்கு மெயில் வந்துகொண்டிருக்கும்வரை அதைத் தொடாமல் டிரான்ஸ்பரை முடித்துவிட்டு, புது இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். போன் நம்பரையும் வீட்டு முகவரியையும் திருத்தினால் இந்தப் பூட்டு வராது.

படி 3: டிஎன்எஸ்ஸை முதலில் நகர்த்துங்கள்

பழைய ரெஜிஸ்ட்ராரின் இலவச டிஎன்எஸ் டொமைன் போனதும் நின்றுவிடலாம். அதனால் டிரான்ஸ்பருக்கு முன்பே அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். என் கட்சி, டிஎன்எஸ் சேவை தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் இலவசத் திட்டம். ரெஜிஸ்ட்ரார் ஒருவர், டிஎன்எஸ் இன்னொருவர் என்று இருந்தால் அடுத்த முறை மாறுவதும் சுலபம்.

பழைய ரெஜிஸ்ட்ராரின் பேனலில் (கணக்கில் நுழைந்ததும் வரும் பக்கம்) டிஎன்எஸ் பக்கத்தை முழுசாக ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புது இடம் தானாகவே ரெக்கார்டுகளை, அதாவது அந்தப் பட்டியலின் வரிகளைத் தேடி எடுத்துத் தரும், ஆனால் அதை நம்பி உட்காரக் கூடாது. டிகேஐஎம் ரெக்கார்டு (மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் கையெழுத்துச் சாவி) ஒரு தனிப்பெயரின் கீழ் இருக்கும், அந்தப் பெயர் தெரியாமல் தேடினால் அகப்படாது. அது விட்டுப்போனால் மெயில் போகத்தான் செய்யும். ஆனால் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பின கொட்டேஷன் அவருடைய ஸ்பாமில் கிடக்கும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. சரிபார்க்க வேண்டியவை:

எம்எக்ஸ் (வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்பது): பழைய கூகுள் அமைப்பில் ஐந்து வரி, முன்னுரிமை எண்கள் 1, 5, 5, 10, 10. புது அமைப்பில் ஒரே வரி, எண் 1.

எஸ்பிஎஃப் (உங்கள் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்பது): ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது.

டிகேஐஎம்: 2048 பிட் சாவி 255 எழுத்தைத் தாண்டும். சில பேனல்கள் சத்தமில்லாமல் வாலை நறுக்கிவிடும். ஒட்டிய பிறகு கடைசிப் பத்து எழுத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள்.

ரெக்கார்டின் பெயர்க் கட்டத்தில் முழு டொமைனையும் அடிக்காதீர்கள். பல பேனல்கள் அதன் பின்னால் டொமைனை இன்னொரு முறை ஒட்டிவிடும். முன்பகுதி மட்டும் போதும்.

டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிலுக்கு முத்திரை வைக்கும் பாதுகாப்பு) போட்டிருந்தால் முதலில் பழைய பேனலில் அதை அணைத்து, ஒரு முழு நாள் பொறுத்துத்தான் நேம்சர்வரை, அதாவது டிஎன்எஸ் யாரிடம் இருக்கிறது என்று காட்டும் பெயரை மாற்ற வேண்டும். அந்த முத்திரையைச் சரிபார்க்கும் டிஎஸ் ரெக்கார்டு பழையதாகவே நிற்க நேம்சர்வர் மாறினால், சிலர் போனில் சைட் திறக்கும், சிலருக்குத் திறக்காது. ஹோஸ்டிங்காரரைத் திட்டுவீர்கள், அவர் மேல் தப்பே இருக்காது.

நேம்சர்வர் மாற்றியபின் 48 மணி நேரம் விடுங்கள். சைட் திறக்கிறதா, மெயில் போய் வருகிறதா என்று இரண்டையும் பார்த்த பிறகுதான் அடுத்த படி.

படி 4: பூட்டைத் திறந்து ஆத் கோடு வாங்குங்கள்

பேனலில் டிரான்ஸ்பர் லாக்கை அணையுங்கள். ஸ்டேட்டஸில் "கிளையன்ட்" என்று தொடங்கும் தடை நீங்கியிருக்க வேண்டும். "சர்வர்" என்று தொடங்கும் தடை ரெஜிஸ்ட்ரி (டாட் காம் போன்ற முடிவுகளையே நடத்தும் அமைப்பு) போட்டது, அதை ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும். பிறகு ஆத் கோடு, டொமைனை நகர்த்த அனுமதிக்கும் ரகசியக் குறியீடு. இபிபி கோடு என்றும் சொல்வார்கள். பேனலில் பட்டன் இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும். ஐகான் விதிப்படி 5 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். டிக்கெட்டில் பழைய மனத்தாங்கலை எல்லாம் எழுதாமல் "ஆத் கோடு வேண்டும், டொமைன் பெயர் இது, இன்றைய தேதி இது" என்று ஒரே வரி போதும். ஆறாம் நாளும் வரவில்லையென்றால் அந்த டிக்கெட்டே ஐகானிடம் புகார் செய்ய ஆதாரம். ஹோஸ்டிங் பாக்கி இருக்கிறது என்று டொமைனைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை.

புது ரெஜிஸ்ட்ராரிடம் டிரான்ஸ்பர் கேட்கும்போது கோடை டைப் அடிக்காமல் காப்பி செய்து ஒட்டுங்கள். ஓ எழுத்தும் 0-வும் குழப்பும். கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வந்தாலும் "தவறான கோடு" என்றுதான் வரும்.

படி 5: புது இடம், பணம்

முதல் வருட விலையைப் பார்க்காதீர்கள், புதுப்பிப்பு விலையைப் பாருங்கள். ஆத் கோடு பேனலிலேயே கிடைக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே விடுவதில் எல்லோரும் இனிமையானவர்கள்தான், வெளியே விடுவதில்தான் குணம் தெரியும். ஞாயிறு சாயந்திரம் ஒரு கேள்வி அனுப்பி, எப்போது யார் பதில் போடுகிறார்கள் என்று சோதித்துப் பாருங்கள். கிளவுட்ஃப்ளேர் லாபம் வைக்காமல் அடக்க விலைக்கே விற்கிறது, ஆனால் அவர்கள் நேம்சர்வரைத்தான் பயன்படுத்த வேண்டும்.

டிரான்ஸ்பர் கட்டணத்திலேயே ஒரு வருடப் புதுப்பிப்பு அடக்கம். 2026 டிசம்பர் 10-ல் முடிவது 2027 டிசம்பர் 10 ஆகும். ஆனால் டொமைன் காலாவதியாகிப் பழைய இடத்தில் புதுப்பித்த 45 நாளுக்குள் டிரான்ஸ்பர் செய்தால், அந்தப் புதுப்பிப்பு வருடம் கழிந்துபோகும். முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். தீபாவளி ஆர்டர் நேரத்திலும், ஐப்பசி கார்த்திகையில் புயல் மழையில் கரண்டும் நெட்டும் போகிற வாரத்திலும் இதில் கை வைக்க வேண்டாம்.

படி 6: சும்மா இருங்கள்

பழைய ரெஜிஸ்ட்ராரிடமிருந்து "டிரான்ஸ்பர் கோரிக்கை வந்துள்ளது" என்று மெயில் வரும். பல சமயம் அதிலுள்ள லிங்க் நிறுத்துவதற்கானது. படிக்காமல் அழுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றும் செய்யாவிட்டாலும் 5 நாளில் டொமைன் தானாகவே புது இடத்துக்குப் போய்விடும். பேனலில் ஒப்புதல் பட்டன் இருந்தால் அன்றைக்கே முடியும்.

வந்து சேர்ந்ததும் பூட்டை மறுபடி போடுங்கள். புது ரெஜிஸ்ட்ரார் மெயில் முகவரியை உறுதிசெய்யச் சொன்னால் அசட்டையாக விடாதீர்கள். 15 நாளுக்குள் அழுத்தாவிட்டால் டொமைனை நிறுத்திவைப்பார்கள்.

பின்சேர்க்கை 1: டாட் இன் வைத்திருப்பவர்கள் கேட்டது. அது இந்தியாவின் நிக்ஸி அமைப்பு நடத்துவது. ஐகானின் டிரான்ஸ்பர் விதிகள் அதற்குப் பொருந்தாது, புகாரும் நிக்ஸிக்குத்தான். டாட் இன்னில் பெயரை மறைக்கும் பிரைவசி சேவைக்கு அனுமதி இல்லை. அதை விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: பணம் கட்டும்போது கார்டு ஏற்கப்படவில்லை என்பவர்களுக்கு. டெபிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே இருக்கும், வங்கி ஆப்பில் போய் இயக்க வேண்டும். தானியங்கிப் புதுப்பிப்பை மட்டும் நம்பாமல் காலண்டரிலும் தேதியைக் குறித்துவையுங்கள். பழைய கணக்கை மூடுமுன் பில்களை எல்லாம் இறக்கிக்கொள்ளுங்கள், ஆடிட்டர் மார்ச்சில் கேட்பார்.