பம்பிள் தேனீ கணக்கெடுக்கப் போகலாமா?

ஊரில் வீட்டு உத்திரத்தைத் துளைத்துக்கொண்டு ரீங்காரமிடும் கறுப்பு வண்டைப் பார்த்து வளர்ந்தவர்கள், அமெரிக்கா வந்ததும் பம்பிள் தேனீயையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்போம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஊரில் பார்த்தது மரம் குடையும் தச்சன் தேனீ, பின்பாகம் வழவழவென்று மின்னும். பம்பிள் தேனீக்கு அங்கேயும் புசுபுசுவென்று ரோமம். தென்னிந்தியாவில் இது கிடையாது, இமயமலைப் பக்கம் போனால்தான் உண்டு.

ஆரிகன், வாஷிங்டன், ஐடஹோ மாநிலங்களில் 2018-இல் ‘பசிபிக் நார்த்வெஸ்ட் பம்பிள் பீ அட்லஸ்’ என்ற பம்பிள் தேனீக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஸெர்சஸ் சொசைட்டி என்ற பூச்சிப் பாதுகாப்பு அமைப்பு முன்னின்று நடத்துகிறது. வலையோடு வெயிலில் திரிவது நம்மைப் போன்ற தன்னார்வலர்கள். உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை.

1. இடமும் நாளும்

வரைபடத்தை 50 கிலோமீட்டருக்கு 50 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் பயிற்சி வீடியோக்களைப் பாருங்கள். அப்புறம் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் பூ நிறைந்த இரண்டரை ஏக்கர் இடமாகப் பாருங்கள். நிலத்துக்காரரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். மழையோ பெருங்காற்றோ இல்லாத, 60 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேலுள்ள கோடை நாள் போதும்.

எடுத்துப் போக வேண்டியவை: பூச்சி வலை, மூடி போட்ட சிறு குப்பிகள், ஐஸ் வைத்த கூலர், மார்க்கர், போன்.

2. கடிகாரம்

இதுதான் முக்கியம். தேடும் நேரம் 45 நிமிடம். இரண்டு பேர் போனால் ஆளுக்கு இருபத்திரண்டரை. தேனீ வலையில் விழுந்ததும் கடிகாரத்தை நிறுத்துங்கள், குப்பியில் அடைத்த பிறகு மறுபடி ஓட விடுங்கள். எல்லோரும் ஒரே அளவு நேரம் தேடினால்தான் ஓரிடத்தை இன்னோரிடத்தோடும், இந்த வருடத்தைப் போன வருடத்தோடும் ஒப்பிட முடியும்.

3. பிடிப்பது

பூவின் மேல் வலையைப் பக்கவாட்டில் வீசி, உடனே கையைத் திருப்பி வாயை மடக்கிவிடுங்கள். வலையின் நுனியை மேலே தூக்கிப் பிடித்தால் தேனீ தானாக மேலேறும். கீழிருந்து குப்பியை உள்ளே விட்டு மூடினால் வேலை முடிந்தது. எந்தப் பூவில் பிடித்தீர்கள் என்று அங்கேயே குப்பியில் எழுதிவிடுங்கள். முதல் நாள் ‘ஞாபகம் இருக்கும்’ என்று விட்டேன். பதினோரு குப்பிகளுக்கும் பூ தெரியாமல் முழித்தேன்.

வசந்தத்தின் தொடக்கத்தில் தனியாகப் பறக்கும் பெரிய ராணிகளை நான் பிடிப்பதில்லை. ஒரு கூடே அதை நம்பித்தான் இருக்கிறது. துரு நிறத் திட்டுள்ள பம்பிள் தேனீ 2017-இல் அமெரிக்க அரசின் அழியும் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தது. அது வாழும் மத்திய மேற்கு மாநிலங்களில் இருப்பவர்கள் அனுமதி இல்லாமல் வலையைத் தூக்காதீர்கள், போட்டோ மட்டும் எடுங்கள்.

4. படம் எடுப்பது

கூலரில் குளிர்ந்ததும் தேனீ மந்தமாகிவிடும், சாகாது. வெள்ளைத் தாளில் வைத்து முதுகு, பக்கவாட்டு, முகம் மூன்றையும் எடுங்கள். முகத்தை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். ஆரிகனில் சாதாரணமாகக் காணும் ஓர் இனத்துக்கு முகம் மஞ்சள், பின்பாகத்தில் ஒரே ஒரு மஞ்சள் பட்டை. முகம் தெரியாத படத்தை வைத்துக்கொண்டு நிபுணரும் தடுமாறுவார். பின்னங்காலில் மகரந்தக் கூடை இருந்தால் பெண். ஆணுக்குக் கூடையும் இல்லை, கொடுக்கும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் உடம்பு சூடேற நடுங்க ஆரம்பிக்கும். நடுக்கால் ஒன்றை உங்களை நோக்கித் தூக்கினால் ‘தள்ளிப் போ’ என்று அர்த்தம். தள்ளிப் போங்கள். எழுந்து பறந்துவிடும்.

5. அனுப்புவது

படங்களை ‘பம்பிள் பீ வாட்ச்’ தளத்தில் ஏற்றுங்கள். இனம் எதுவென்று உங்கள் ஊகத்தைச் சொன்னால் போதும், நிபுணர்கள் சரிபார்ப்பார்கள். ஒன்றுமே கிடைக்காத நாளிலும் படிவத்தை அனுப்புங்கள். பூஜ்யமும் ஒரு கணக்குதான்.

ராபின் தார்ப் என்ற பூச்சியியலாளர் தெற்கு ஆரிகனிலும் வடக்கு கலிபோர்னியாவிலும் ஃபிராங்க்ளின் பம்பிள் தேனீயை வருடாவருடம் தேடினார். 1998-இல் 94 கிடைத்தன. 2006-இல் ஆஷ்லேண்ட் மலையில் ஒன்றே ஒன்று. அதன் பிறகு ஒன்றுகூட இல்லை, ஆனாலும் தேடுவதை அவர் விடவில்லை. 2019-இல் இறந்தார். அந்த இனம் 2021-இல் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தது. அந்த வெறும் கையோடு திரும்பிய வருடங்களும் பதிவில் இருந்ததால்தான் சரிவு இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

வீட்டில்

பூச்சிமருந்து வேண்டாம். வசந்தத்தின் தொடக்கத்திலேயே பூக்கும் வில்லோ, சிவப்புப் பூ கரன்ட் போன்ற உள்ளூர்ச் செடிகளை வையுங்கள், விழித்தெழும் ராணிக்கு அதுதான் முதல் சாப்பாடு. ஒரு மூலையில் சருகைக் கூட்டாமல் விடுங்கள், புது ராணிகள் குளிர்காலத்தில் அதற்கடியில் மண்ணில் தூங்கலாம். பழைய எலி வளை இருந்தாலும் மூடாதீர்கள், அங்கேதான் கூடு கட்டும். எங்கள் வீட்டு மூலையைப் பற்றி குடியிருப்பு அசோசியேஷனிலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது. சருகு இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.