கால் வீங்கி வந்தவருக்கு டாப்ளர்: முதலில் அழுத்திப் பாருங்கள்

கெண்டைக்கால் வீங்கி வலித்தால் எங்கள் பக்கத்தில் முதல் வைத்தியம் நீவிவிடுவதுதான். சுளுக்கு, நரம்பு பிசகல் என்று ஏதாவது பெயர் வைத்து நாலு நாள் தைலம் தேய்ப்பார்கள். ஐந்தாம் நாள், காலைத் தரையில் ஊன்ற முடியாமல் என்னிடம் வருவார்கள். தென்காசிப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் 16 வருடமாக வேலை பார்க்கும் கதிரியக்க மருத்துவர் நான். புதிதாக டாப்ளர், அதாவது ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், பிடிக்க வரும் இளைய மருத்துவர்களுக்கு நான் சொல்லித் தருவதை அப்படியே இங்கே எழுதுகிறேன். இரவு டூட்டியில் தனியாக மாட்டிக்கொள்பவர்களுக்கும் உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீட்டில் ‘கலர் டாப்ளர்’ என்று எழுதி வரும். புதியவர்கள் புரோப்பை (தோலில் வைத்து நகர்த்தும் ஸ்கேன் கருவியின் கைப்பிடி) வைத்ததும் கலர் பட்டனைத்தான் தேடுவார்கள். ஆனால் ஆழச் சிரையில், அதாவது தசைகளுக்கு நடுவே ஓடும் சிரையில், ரத்தக்கட்டி இருக்கிறதா என்பதைக் கறுப்பு வெள்ளைப் படமும் உங்கள் கை கொடுக்கும் அழுத்தமும்தான் சொல்லும். கலர் அதற்குத் துணை, அவ்வளவே.

போன ஆடியில் வந்த ஒரு பீடி சுற்றும் அக்காவை வைத்தே சொல்கிறேன். வயது ஐம்பதை ஒட்டி. இடது கால் முழங்காலுக்குக் கீழே மினுமினுவென்று வீங்கியிருந்தது. கட்டிலில் ஏறும்போதே, “அமுக்கினா உயிரே போகுது டாக்டரம்மா, மெதுவாப் பாருங்க” என்றார். இப்படிச் சொல்பவரிடம் முதலில் பேச வேண்டும். அழுத்துவதுதான் இந்தச் சோதனை, எங்கே அழுத்தப்போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்வேன், வலித்தால் கையைத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டால் தொடை இறுக்கம் பாதி தளர்ந்துவிடும். இறுகிய தொடையில் சிரையை அழுத்தவே முடியாது.

கட்டிலின் தலைப்பக்கத்தை 20, 30 டிகிரி உயர்த்துங்கள். ரத்தம் கால் பக்கம் இறங்கி சிரைகள் நன்றாக நிரம்பும். தட்டையாகப் படுத்திருந்தால் சில பேருக்கு சிரை இருப்பதே தெரியாது. ஏசியைக் குறைத்துவிடுங்கள், குளிரில் சிரை சுருங்கும். முழங்காலைச் சற்று மடக்கி வெளிப்பக்கம் சாயவிடச் சொல்லுங்கள். தொடை இடுக்குவரை பார்க்க வேண்டியிருப்பதால் ஒரு விரிப்பும், பெண்களுக்கு ஒரு பெண் உதவியாளரும் கட்டாயம். கூச்சத்தில் சேலையை இழுத்து இழுத்து மூடுகிறவரிடம் அவசரமாகப் பார்த்தால் தொடை இடுக்கைச் சரியாகப் பார்க்காமலே விட்டுவிடுவோம்.

புரோப் நேர்கோட்டு வகை, 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸுக்குள். தொடை பருமனாக இருந்தால் வயிற்றுக்குப் பயன்படுத்தும் வளைந்த புரோப்பை எடுக்கத் தயங்க வேண்டாம். படம் கொஞ்சம் மங்கும், ஆனால் ஆழம் எட்டும்.

புரோப்பைக் குறுக்குவாட்டில் தொடை இடுக்கில் வையுங்கள். நெடுக்குவாட்டில் அழுத்தினால் புரோப் சிரையை விட்டு நழுவிவிடும், அது மூடிவிட்டதென்று நாம் ஏமாந்துபோவோம். திரையில் இரண்டு வட்டங்கள் தெரியும். துடிப்பது தமனி. அதற்கு உள்பக்கம், அதாவது மற்றத் தொடையை நோக்கிய பக்கம், காமன் ஃபெமோரல் சிரை, தொடையின் பெரிய ஆழச் சிரை. சற்றுக் கீழே நகர்ந்தால் தோலுக்கடியில் ஓடும் பெரிய சஃபீனஸ் சிரை வந்து சேரும் இடம் தெரியும். படிக்கிற காலத்தில் இதை மிக்கி மவுஸ் என்று சொல்லிக்கொடுத்தார்கள்: முகம் சிரை, ஒரு காது தமனி, மறு காது சஃபீனஸ்.

இப்போது நேர் கீழாக அழுத்துங்கள். நல்ல சிரை என்றால் இரு சுவரும் ஒட்டி ஒரு கோடாகிவிடும். கையைத் தளர்த்தியதும் மறுபடி வட்டமாகும். எவ்வளவு அழுத்துவது என்று எல்லோரும் கேட்பார்கள். பக்கத்துத் தமனிதான் அளவுகோல். தமனியின் வட்டம் லேசாக நசுங்கத் தொடங்கிய பிறகும் சிரை மூடவில்லை என்றால் உள்ளே கட்டி இருக்கிறது. பாதி மூடினாலும் மூடவில்லை என்றே கணக்கு. சஃபீனஸில் மட்டும் கட்டி என்றால் அது சேரும் வாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஆழச் சிரைக் கட்டிபோலவே அதற்கும் வைத்தியம் பார்ப்பார்கள்.

அங்கிருந்து 2 சென்டிமீட்டர் இறங்குவது, அழுத்துவது, விடுவது, மறுபடி 2 சென்டிமீட்டர். இதில் அவசரம் கூடாது. தொடை இடுக்கிலும் முழங்கால் பின்னாலும் இரண்டே இடத்தில் அழுத்திப் பார்க்கும் குறுக்கு முறையும் உண்டு. அவசரப் பிரிவில் அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால் அதில் கட்டி இல்லையென்று வந்தாலும் ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்த்தாக வேண்டும். மறுபடி வா என்றால் ஐம்பது கிலோமீட்டர் பஸ் ஏறி வர வேண்டியவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள். அதனால் முதல் தடவையிலேயே கணுக்கால்வரை பார்த்துவிடுகிறேன். கதிரியக்க மருத்துவர்களின் அமெரிக்க அல்ட்ராசவுண்ட் சங்கம் 2018-இல் வெளியிட்ட பரிந்துரையும் அதையே சொல்கிறது.

தொடை நடுவில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். பயிற்சி முடித்து வேறொரு ஊரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருவருக்குத் தொடை முழுக்க அழுத்திப் பார்த்தேன், சிரை எல்லா இடத்திலும் மூடியது. நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் கால் வீக்கம் கூடித் திரும்பி வந்தார். மூத்த மருத்துவர் புரோப்பை வாங்கி, தமனிக்கு அந்தப் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்திக் காட்டினார். அங்கே இன்னொரு ஃபெமோரல் சிரை, வாய்வரை கட்டி. பலருக்குத் தொடையிலும் முழங்கால் பின்னாலும் சிரை இரட்டையாக இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். கையில் அது இல்லை. அவர் நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து தமனியின் இரு பக்கமும் தேடாமல் நான் கீழே நகர்வதில்லை. நீங்களும் நகராதீர்கள்.

தொடையின் கீழ்ப்பகுதியில் சிரை தசைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடும். மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் மூடாது. அங்கே கட்டி இருக்கிறதென்று எழுதிவிடாதீர்கள். இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, புரோப் இருக்கும் திசைக்கு மேல்நோக்கித் தள்ளுங்கள். இரண்டு கைக்கும் நடுவில் சிரை மூடும். அப்படியும் முடியாத இடத்தில்தான் கலரைப் போட்டு, கெண்டைக்காலைப் பிசைந்து, சிரை முழுக்க நிரம்புகிறதா என்று பார்ப்பேன். வேகத்தின் ஸ்கேலைக் குறைத்துக்கொள்ளுங்கள், சிரையில் ரத்தம் மெதுவாகத்தான் ஓடும். அதற்காகக் கலர் கெயினை (நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) ஏற்றிவிடவும் கூடாது. கெயின் கூடினால் நிறம் ஓரங்களைத் தாண்டி வழிந்து, சுவரோடு ஒட்டிய சிறு கட்டியை மூடி மறைத்துவிடும்.

முழங்கால் பின்குழியில் வரிசை மாறும். பின்னாலிருந்து பார்க்கும்போது சிரை மேலே, தமனி அடியில். இங்கே சிரை மெல்லிய கைபட்டாலே மூடிவிடும். சில சமயம் ஜெல் வைத்து புரோப்பை வைத்த எடையிலேயே மூடி, சிரையே காணோம் என்று தேட வைக்கும். கையைத் தளர்த்துங்கள், தானாகத் திறக்கும்.

அந்த அக்காவுக்கு இங்கேதான் விடை கிடைத்தது. தொடை இடுக்கில் சிரை அழகாக மூடியது. நடுத் தொடையிலும் மூடியது, இரண்டாவது சிரையும் இல்லை. பின்குழியில் புரோப்பை வைத்ததும், பக்கத்துத் தமனியைப்போல் இரண்டு மடங்கு பருத்த ஒரு வட்டம். உள்ளே கருமையாக, லேசாகப் புகைமூட்டம்போல. மெல்ல அழுத்தினேன். வட்டம் கொஞ்சம் நெளிந்தது, மூடவில்லை. ஒரு தடவைதான் அழுத்தினேன். கட்டி தெரிந்த பிறகு அதே இடத்தை மறுபடி மறுபடி அமுக்கக் கூடாது. புதுக் கட்டி தளர்வானது, பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். படம் எடுத்துக்கொண்டு, மேலே எதுவரை ஏறியிருக்கிறது என்று மட்டும் பார்த்தேன்.

புதுக் கட்டி என்றால் சிரை பருத்திருக்கும், உள்ளிருப்பது கருமையாக, அழுத்தினால் சற்று நெளியும். பழையது என்றால் சிரை சுருங்கி, உள்ளே வெளுத்த கோடுகள் சுவரோடு ஒட்டியிருக்கும், சுற்றிலும் கிளைச்சிரைகள் வளர்ந்திருக்கும். முன்பு ஒரு தடவை கட்டி வந்தவர் என்றால் பழைய படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தழும்பைப் புதுக் கட்டி என்று எழுதினால் தேவையில்லாமல் மாதக்கணக்கில் ரத்தம் உறையாத மாத்திரை விழுங்குவார்.

கட்டி இல்லையென்றால் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கால் ஏன் வீங்கியது? முழங்கால் பின்னால் பேக்கர் நீர்க்கட்டி உடைந்து கெண்டைக்காலுக்குள் இறங்கியிருக்கலாம், தோலுக்கடியில் சீழ்பிடிக்கும் அழற்சி இருக்கலாம். தொடை இடுக்கில் வீங்கிய நெறிக்கட்டி ஒன்று குறுக்குவெட்டில் அச்சாகக் கட்டி நிறைந்த சிரைபோலவே தெரியும். புரோப்பைக் கொஞ்சம் மேலும் கீழும் நகர்த்தினால் நெறிக்கட்டி முடிந்துவிடும், சிரை தொடரும்.

காமன் ஃபெமோரல் சிரையில் ரத்த ஓட்டத்தை அலைக்கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ரல் டாப்ளர் ஒன்று எடுத்துவிடுங்கள், இரண்டு காலிலும். மூச்சோடு சேர்ந்து அலை ஏறி இறங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நேர்கோடாக ஓடினால் மேலே, இடுப்புக்குள் ஏதோ அடைக்கிறது. இடது காலில் இதை அதிகம் பார்க்கலாம். இடுப்புக்குள் ஓடும் வலது இலியாக் தமனி இடது இலியாக் சிரையின் மேலே குறுக்கே போய் அதை முதுகெலும்போடு நசுக்குவதுதான் காரணம். மே, டர்னர் என்ற இருவர் 1957-இல் இதை விவரித்தார்கள். கர்ப்பிணிகளின் இடது கால் வீங்கினால் இதை மறக்கவே கூடாது. இடதுபுறம் ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பாருங்கள்.

தமனி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். என்னிடம் அதற்கு வருபவர்கள் பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகள், கால்விரல் கறுத்தவர்கள். இங்கே வேகத்தை எண்ணாக எழுதுகிறோம், அதனால் கோணம் உயிர். ரத்த ஓட்டத்துக்கும் கதிருக்கும் இடையே 60 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். உண்மையில் 60 டிகிரி இருக்கையில் திரையில் கோணம் குறிக்கும் கர்சரை 65 என்று வைத்தால் வேகம் 18 சதவீதம் கூடுதலாகக் காட்டும். 75 இருக்கையில் 80 என்று வைத்தால் ஏறக்குறைய 50 சதவீதம். அதே ஐந்து டிகிரிதான், பிழை எங்கேயோ போய்விடுகிறது. ஒரு இடத்தில் வேகம் அதற்குச் சற்று மேலிருக்கும் இடத்தைவிட இரண்டு மடங்கானால் குழாய் பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

ஓய்வில் இருக்கும் காலின் நல்ல தமனியில் அலை மூன்று கட்டமாக வரும்: உயர்ந்த எழுச்சி, கோட்டுக்குக் கீழே ஒரு சிறு இறக்கம், மறுபடி ஒரு சின்ன மேடு. மேலே அடைப்பு இருந்தால் பாதத்தில் அது தாழ்ந்து, மெதுவாக ஏறும் ஒற்றை மேடாகிவிடும்.

கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த ரத்த அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் தமனி நோய். ஆனால் விரல் கறுத்து வந்த சர்க்கரை நோயாளிக்கு 1.5 என்று வரும். பார்ப்பவர் ரத்த ஓட்டம் பிரமாதம் என்று அனுப்பிவிடுவார். தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துப்போயிருக்கிறது, அழுத்தம் பார்க்கச் சுற்றும் பட்டையான கஃப் எவ்வளவு இறுக்கினாலும் அது நசுங்குவதில்லை. எண் உயர்ந்ததற்குக் காரணம் அதுதான். 1.4-ஐத் தாண்டிய எண்ணை நம்பாதீர்கள். பாதத்தின் மேலும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் அலையின் வடிவத்தைப் பாருங்கள், வசதி இருந்தால் கால்விரல் அழுத்தத்தை எடுங்கள்.

அறிக்கையில் ஒரு சொல்லைப் பற்றி மட்டும். தொடைச் சிரைக்கு ‘சூப்பர்ஃபிஷியல் ஃபெமோரல்’ என்று ஒரு பழைய பெயர் உண்டு. அது ஆழச் சிரைதான். ‘சூப்பர்ஃபிஷியல்’ என்று படித்த ஒரு டூட்டி டாக்டர், மேலோட்டச் சிரைதானே என்று ஊசி போடாமல் வீட்டுக்கு அனுப்ப வாய்ப்பிருக்கிறது. வெறும் ‘ஃபெமோரல் சிரை’ என்றே எழுதுங்கள். எந்தச் சிரை, எங்கிருந்து எதுவரை, புதிதா பழையதா, எந்தப் பகுதியைப் பார்க்க முடியவில்லை, அனைத்தையும் எழுதுங்கள்.

அந்த அக்காவின் காலிலிருந்து ஜெல்லைத் துடைத்துவிட்டு, அறிக்கை டைப் ஆவதற்கு முன்பே அனுப்பிய மருத்துவருக்கு போன் போட்டேன். அக்காவிடம், “இனிமே யாரையும் நீவ விடாதீங்க, வெளிய போய் பஸ்ஸுக்கு நிக்கவும் வேண்டாம், இங்கயே உக்காருங்க” என்றேன். மகன் ஆட்டோ கொண்டுவந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் முதல் ஹெப்பாரின் ஊசி போட்டாயிற்று என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் நான் வீட்டுக்குக் கிளம்பினேன்.