சுகர் ஆராய்ச்சியை ஆன்லைனில் கற்க: கோர்ஸில் சேரும் முன் ஒரு பேப்பர்

"அண்ணா, ஆன்லைன்ல ரிசர்ச் கோர்ஸ் எது நல்லது?" டாக்டர் கனவில் இருக்கும் பிளஸ் டூ பிள்ளைகளும் எம்பிபிஎஸ் முதல் வருடக்காரர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான். நானும் அப்படித்தான் தேடி அலைந்து ஆறு மாதத்தில் ஒன்பது சான்றிதழ் சேர்த்தேன். அப்புறம் ஒரு நேர்காணலில் "கடைசியாக முழுசாகப் படித்த ஆராய்ச்சிப் பேப்பர் எது?" என்று கேட்டார்கள். வாயே திறக்கவில்லை. அதனால் நான் சொல்லும் வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும், பேப்பர் முதலில், கோர்ஸ் அப்புறம்.

படி 1: வீட்டு ரிப்போர்ட்

சுகரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது, படிக்கப் பொருள் வீட்டிலேயே கிடைக்கும். 2023இல் வந்த ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் (ஐசிஎம்ஆர் என்பது மத்திய அரசின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சுகர் இருக்கிறது, உங்கள் வீட்டில் ஒருவராவது மாட்டாமலா போவார். பாட்டியின் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டுத்தான் வாங்க வேண்டும், ஆராய்ச்சியில் இதற்குத்தான் சம்மதம் என்று பெயர். வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.5 சதவீதம் என்ற இரண்டு எல்லைகளையும் மனதில் வையுங்கள், இவற்றைத் தொட்டால் சுகர் என்று அர்த்தம். எச்பிஏ1சி ஏன் மூன்று மாதக் கதையைச் சொல்கிறது? சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், அதில் ஒட்டிய சர்க்கரை அது அழியும்வரை அதிலேயே இருக்கும். இது புரியவில்லை என்றால் கான் அகாடமியில் இன்சுலின் பற்றிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 2: ஒரே ஒரு பேப்பர், பேனாவோடு

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மருத்துவப் பேப்பர்களைத் தேடித் தரும் பப்மெட் தளத்துக்குப் போய் ஆங்கிலத்தில் 'இண்டியன் டயபடீஸ் பிரிவென்ஷன் புரோகிராம்' என்று தட்டுங்கள். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. சுகர் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள்: வழக்கமான அறிவுரை மட்டும், நடைப்பயிற்சி-உணவுக் கட்டுப்பாடு, மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை, இரண்டும் சேர்த்து. மூன்று வருடத்தில் சுகர் வந்தவர்கள் முறையே 55.0, 39.3, 40.5, 39.5 சதவீதம்.

இப்போது பேனாவை எடுங்கள். 55.0இல் இருந்து 39.3ஐக் கழித்தால் 15.7. அதை 55ஆல் வகுத்தால் 28.5 சதவீதம் குறைவு, பேப்பரின் சுருக்கத்தில் இருக்கும் எண் இதுதான். அதே 15.7ஆல் 100ஐ வகுத்துப் பாருங்கள், 6.4 வரும். அதாவது சுமார் ஆறேழு பேர் மூன்று வருடம் ஒழுங்காக நடந்து, சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டால் ஒருவருக்கு சுகர் வராமல் தடுக்கலாம்.

அடுத்து, இதே கேள்வியோடு 2002இல் வந்த அமெரிக்க ஆய்வு. 3234 பேர், வாழ்க்கைமுறை மாற்றத்தால் 58 சதவீதம் குறைந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். நம்முடையது 28.5தானா, பாதிதானா என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். அங்கே மூன்று வருடத்தில் சுகர் வந்தது மாத்திரையும் தீவிரப் பயிற்சியும் இல்லாத குழுவில் 28.9, பயிற்சிக் குழுவில் 14.4. கழித்தால் 14.5, 100ஐ வகுத்தால் 6.9. கிட்டத்தட்ட நம் கணக்கேதான்! விளிம்பில் இருக்கும் நம் ஆட்களைச் சும்மா விட்டாலே பாதிப் பேருக்கு மேல் சுகர் வந்துவிடுகிறது, அடித்தளம் அவ்வளவு உயரத்தில் இருப்பதால் சதவீதத்தில் பார்க்கும்போது சிறியதாகத் தெரிகிறது. (14.5ஐ 28.9ஆல் வகுத்தால் 50தானே வருகிறது, 58 எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு சபாஷ். அது ஆண்டுக்கு எத்தனை பேருக்கு வந்தது என்ற வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு.)

நோட்டில் ஒரு கேள்வியையும் எழுதி வையுங்கள்: நடையும் மாத்திரையும் சேர்ந்தால் இன்னும் குறைய வேண்டாமா, ஏன் 39.5இலேயே நின்றது?

படி 3: இப்போது கோர்ஸ்

இரண்டே போதும். சென்னையில் இருக்கும் ஐசிஎம்ஆர் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் என்பிடெல்லில் (ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளம்) தந்த 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமெண்டல்ஸ்' ஒன்று. ஆய்வுக் கேள்வியை எப்படி அமைப்பது, எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதெல்லாம் அதில் வரும், மேலே போட்ட கணக்கு கையில் இருந்தால் பாடம் கேட்கும்போது தூக்கம் வராது. இன்னொன்று கோர்ஸெரா என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் 'டயபடீஸ் - எ குளோபல் சேலஞ்ச்'. சேரும்போது கார்டு எண் கேட்டால் நின்று படியுங்கள், இலவச நாட்கள் முடிந்ததும் அப்பாவின் கணக்கில் இருந்து காசு போகும் திட்டமாக இருக்கலாம். நீட் வருடம் என்றால் ஞாயிறு ஒரு மணி நேரம் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

படி 4: டேட்டாவைத் தொட்டுப் பாருங்கள்

டேட்டா கோப்புகள் கிடைக்கும் காகிள் தளத்தில் 'பிமா இண்டியன்ஸ் டயபடீஸ்' என்ற கோப்பு இலவசம். அரிசோனாவின் பிமா பழங்குடிப் பெண்கள் 768 பேரின் விவரம். கூகுள் ஷீட்டில் திறந்து, இரத்த அழுத்த வரிசையைச் சிறியதில் இருந்து பெரியதாக அடுக்குங்கள். 35 பேருக்கு 0 என்று இருக்கும். உயிரோடு இருப்பவருக்கு பிபி பூஜ்யமா? அளக்காமல் விட்ட இடத்தில் 0 போட்டிருக்கிறார்கள். இன்சுலின் வரிசையில் அப்படி 374 பேர், ஏறக்குறைய பாதி! இதைக் கவனிக்காமலேயே சராசரி போட்டு, 'ஏஐ வைத்து சுகரைக் கண்டுபிடித்தேன்' என்று பதிவு போடுபவர்கள் ஏராளம். பெண்கள் மட்டும், ஒரே சமூகம் என்பதால் இதில் வரும் முடிவைத் தூக்கி நம் ஊர் ஆண்கள் மேல் வைக்கவும் முடியாது.

படி 5: பிறகு?

'ஆன்லைன் ரிசர்ச் இன்டர்ன்ஷிப், பணம் கட்டினால் பேப்பரில் உங்கள் பெயர்' என்று வாட்ஸ்அப்பில் வருவதைப் பிளாக் செய்யுங்கள். வேலை செய்யாதவர் பெயர் பேப்பரில் வருவது திருட்டுக்குச் சமம், நாளைக்கு மாட்டுவதும் நீங்கள்தான்.

எம்பிபிஎஸ் அல்லது பிடிஎஸ் கிடைத்த பிறகு ஐசிஎம்ஆரின் எஸ்டிஎஸ் (மாணவர்களுக்கான குறுகிய கால ஆய்வுத் திட்டம்) இருக்கிறது. 1979இல் இருந்து நடக்கும் திட்டம், இரண்டு மாத ஆய்வு, உதவித்தொகையும் உண்டு. கல்லூரி ஆசிரியர் ஒருவர் கைடாக இருக்க வேண்டும், அவர் கிடைப்பதுதான் பாதி வேலை. எனவே முதல் வருடத்திலேயே கம்யூனிட்டி மெடிசின் (சமூக மருத்துவம்) துறைப் பக்கம் போய், அந்த 39.5 கேள்வியை அங்கே இருக்கும் சாரிடமோ மேடத்திடமோ கேட்டு வையுங்கள், முகம் ஞாபகம் இருக்கும்.