ஊக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு அத்தியாயம்

கும்பகோணத்தில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. புரட்டாசி பாதியில் தீபாவளித் துணி வந்து குவிய ஆரம்பித்தால் ராத்திரி பன்னிரண்டு வரை எழுந்திருக்க முடியாது. கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கும், காதுதான் சும்மா கிடக்கும். சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை அப்பா ரேடியோவில் ஒலிச்சித்திரம் வைப்பார், அம்மா அதைக் கேட்டுக்கொண்டே அரிசி புடைப்பாள். எனக்கு இப்போது பாட்காஸ்ட், அதாவது போனில் நினைத்த நேரத்தில் கேட்கிற ஒலி நிகழ்ச்சி. பைசா செலவில்லை.

அதைக் கேட்க என் போனில் இருப்பது ஆண்டெனாபாட் என்கிற ஆப். ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். விளம்பரம் போடாது, கணக்கு திற என்று கேட்காது. ஐபோன்காரர்களுக்கு ஆப்பிள் பாட்காஸ்ட் போனோடேயே வந்துவிடுகிறது. என் போனில் 'சப்ஸ்க்ரைப்' பொத்தானைப் பார்த்துவிட்டு என் நாத்தனார், "மாசம் எவ்வளவு கட்டணும் அண்ணி?" என்றாள். கட்ட ஒன்றுமில்லை. புதுப் பகுதி வந்தால் தானாக வந்து நிற்கும், அவ்வளவுதான். தேடும்போது பெயரைத் தமிழிலும் அடியுங்கள், இங்கிலீஷ் எழுத்திலும் அடியுங்கள். நம்மவர்கள் பாதிப் பேர் தமிழ் நிகழ்ச்சிக்கு இங்கிலீஷ் எழுத்தில்தான் பெயர் வைக்கிறார்கள்.

தொடர்கதை கேட்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. பெரும்பாலும் கடைசியாக வந்த பகுதிதான் பட்டியலில் மேலே இருக்கும். அதைப் பார்க்காமல் தட்டி, யார் செத்தார் என்று முதல் நாளே தெரிந்துகொண்டவள் நான். வரிசையை 'பழையது முதலில்' என்று மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டால் 'பொன்னியின் செல்வன்' என்பேன். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் தொடராக வந்த கதை, ஐந்து பாகம். காத்திருந்து கேட்பதற்கென்றே அத்தியாயங்களை அறுத்து வைத்த மாதிரி இருக்கும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை என்பதால் பல பேர் வாசித்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். குரலைத் தேர்ந்தெடுக்க என் வழி இது: முதல் அத்தியாயம், ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற இடம். அதை மூன்று பேர் குரலில் ஐந்தைந்து நிமிஷம் கேளுங்கள். ஒருவர் பாடம் ஒப்பிப்பார், ஒருவர் பின்னால் மத்தளத்தை அலற விடுவார். எந்தக் குரலில் ஏரித் தண்ணீர் கண்ணில் தெரிகிறதோ அவரோடு ஐந்து பாகமும் போகலாம். குரல் பிடிக்கவில்லையென்றால் நல்ல கதையும் நாலு நாளில் நின்றுபோகும்.

இங்கிலீஷ் பழகுகிற பிள்ளைகள் இருந்தால் லிப்ரிவாக்ஸ் என்கிற இணையதளத்தைக் காட்டுங்கள். 2005 முதல் தன்னார்வலர்கள் பழைய நூல்களை வாசித்துப் போடுகிறார்கள். சில நூலில் அத்தியாயத்துக்கு ஒரு குரல் மாறும். எனக்கு அது ஒத்துவராது, ஒரே ஆள் வாசித்ததாகப் பார்த்து எடுப்பேன்.

அடுத்தது, எந்த வேலைக்கு எதைக் கேட்பது. ஹெம்மிங், ஊக்கு, பட்டன் எல்லாம் கை தானாகச் செய்யும். அது கதைக்கான நேரம். மெஷின் ஓடும்போது மோட்டார் சத்தத்தில் வசனம் பாதி போய்விடும், அதனால் அரட்டைப் பேச்சு போதும். வெட்டும்போது மட்டும் எதுவுமே வேண்டாம். ஒரு நாள் பொன்னியின் செல்வனில் கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுக் கூட்டம், மூடுபல்லக்கின் திரை விலகப் போகிறது, என் கத்திரியோ பட்டுத் துணியில். திரை விலகி முடிந்து கீழே பார்த்தால் இரண்டு கையையும் இடப்பக்கத்துக்கே வெட்டி வைத்திருக்கிறேன். முந்தானைப் பக்கம் ஒரு முழம் மிச்சம் இருந்ததால் அந்த அம்மாவிடம் தப்பித்தேன்.

டேட்டாவுக்குப் பயப்பட வேண்டாம். ஒலியின் தரத்தைக் கேபிபிஎஸ் கணக்கில் சொல்வார்கள்; 64 கேபிபிஎஸ் பதிவு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிதான், 128 என்றால் அதில் இரண்டு பங்கு. வைஃபை இருக்கிற இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் அதுவும் மிச்சம். பேச்சு நிகழ்ச்சியை 1.2 வேகத்தில் ஓட்டுவேன். கதையை ஓட்ட மாட்டேன், மூச்சு விடுகிற இடமும் கதைதானே. படுத்துக்கொண்டு கேட்டால், தானாக நிறுத்திவிடுகிற ஸ்லீப் டைமரை இருபது நிமிஷம் வையுங்கள், இல்லையென்றால் காலையில் எங்கே விட்டோம் என்று அரை மணி தேட வேண்டும்.

ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் மாட்டுவேன். வாசலில் "அக்கா, பிளவுஸ் ரெடியா?" என்று குரல் வந்தால் கேட்க வேண்டும். கேட்காத மாதிரி இருக்க வேண்டிய நாளில் இரண்டிலும்.