அஞ்சலில் வரும் ஈசியூ டியூன்: பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டிய சோதனைகள்

உங்கள் காரை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவர், அதன் இன்ஜினில் தீப்பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும், எவ்வளவு பெட்ரோல் பாய வேண்டும் என்று தீர்மானித்து ஒரு கோப்பாக அனுப்பி வைக்கிறார். அஞ்சல்வழி ஈசியூ டியூன் என்பது இதுதான். நான் இதற்கு எதிரி இல்லை. என் காரில் நான்கு ஆண்டுகளாக ஓடுவது அப்படி வாங்கிய டியூன்தான். ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்தில் பார்த்த வேலைகள்தாம் இன்ஜினைக் காப்பாற்றின என்று உறுதியாக நம்புகிறேன். அவற்றை வரிசையாகச் சொல்கிறேன். இதுவரை ஸ்கேனரைத் தொட்டிராதவர்களும் பின்பற்றலாம்.

படி 1: எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஈசியூ, இன்ஜினை நடத்தும் சிறு கணினி. உள்ளே வரும் காற்றின் அளவு, அதன் வெப்பம், கிராங்க் சுற்றும் வேகம், சைலன்சர் குழாயில் மிஞ்சும் ஆக்சிஜன் எல்லாவற்றையும் சென்சார்கள் வழியாகக் கேட்டுக்கொண்டு, தனக்குள் இருக்கும் அட்டவணைகளைப் பார்த்து முடிவெடுக்கிறது. அந்த அட்டவணைகளைத்தான் மேப் என்கிறார்கள். ஒரு பக்கம் இன்ஜினின் சுற்று வேகம், இன்னொரு பக்கம் சுமை. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். டியூன் செய்பவர் மாற்றுவது அந்த எண்களை மட்டுமே. புதிய உதிரிபாகம் எதுவும் உங்கள் இன்ஜினுக்குள் வருவதில்லை.

இது உங்களிடம் வந்து சேரும் வழிகள் இரண்டு. ஈசியூவையே கழற்றிப் பார்சலில் அனுப்புவது ஒன்று. அவர்கள் எழுதித் திருப்பி அனுப்பும்வரை கார் நின்ற இடத்தில் நிற்கும். மற்றொன்று, ஒரு கேபிளையோ கையடக்கக் கருவியையோ வாங்கி, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், கோளாறுகளைக் கண்டறிய உதவும் 16 முனை ஓபிடி சாக்கெட்டில் செருகி நீங்களே கோப்பை ஏற்றுவது. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இந்த ஓபிடி முறை கட்டாயமானது. சாக்கெட் இருப்பதாலேயே எல்லா ஈசியூவிலும் அதன் வழியாக எழுத முடியும் என்று எண்ண வேண்டாம். சிலவற்றைக் கழற்றி மேசைமேல் வைத்துத்தான் எழுத முடியும்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஒரே மாடல் கார்கள் அனைத்துக்கும் ஒரே கோப்பை விற்பவர்கள் ஒரு வகை. உங்கள் காரின் ஓட்டப் பதிவை, அதாவது ஓடும்போது சென்சார்கள் காட்டிய எண்களின் பதிவைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்துத் திருத்தித் திருத்தி அனுப்புபவர்கள் மறு வகை. முன்னது கடையில் தொங்கும் ஆயத்தச் சட்டை. பின்னது அளவுச் சட்டை கொடுத்தனுப்பித் தைத்து வாங்குவது. நான் பின்னதையே சொல்வேன். ஆனால் கொடுத்தனுப்பும் அளவுச் சட்டை சுருங்கியிருந்தால், தைத்து வருவதும் உடம்பை இறுக்கத்தான் செய்யும். அடுத்து வரும் படிகளில் பெரும்பாலானவை அந்தச் சட்டையைச் சரிபார்ப்பதைப் பற்றியவை.

படி 2: உங்கள் இன்ஜினில் கறப்பதற்கு ஏதாவது இருக்கிறதா?

டர்போ இன்ஜின், அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் இன்ஜின் என்றால் இருக்கிறது. காற்றழுத்தத்தைக் கூட்ட முடியும் என்பதால், வேறு எதையும் மாற்றாமலேயே 20 முதல் 30 சதவீதம்வரை கூடுதல் டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) கிடைப்பது வழக்கமானதுதான். டர்போ இல்லாத இன்ஜினில் கூடுதல் காற்றை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது. தீப்பொறி நேரத்தையும் பெட்ரோல் அளவையும் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தலாம். சில சதவீதம் தேறும். டர்போ இல்லாத, எந்த மாற்றமும் செய்யாத காருக்கு 20 சதவீதம் தருவதாக ஒருவர் சொன்னால் அவரோடு பேச்சை வளர்க்க வேண்டாம்.

மைலேஜ் கூடும் என்று சொல்பவர்களிடமும் கவனம் தேவை. சீரான வேகத்தில் போகும்போது பெட்ரோல் இன்ஜின் பெரும்பாலும் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தில்தான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் மிச்சம் பிடிக்க அதிகம் இல்லை.

“பிக்கப் போதவில்லை” என்பதுதான் உங்கள் குறை என்றால், முதலில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் மூன்றையும் பாருங்கள். பழைய பலம் திரும்பி வந்து, டியூனே வேண்டாம் என்று தோன்றினாலும் தோன்றலாம்.

படி 3: இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறதா?

அவசரப்படக் கூடாத படி இதுதான். நல்ல டியூனர் தன் கடையில் காரை நிறுத்தியிருந்தால் காதால் கேட்டும் கையால் தொட்டும் கண்டுபிடித்திருப்பார். தொலைவில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஓபிடி சாக்கெட்டில் பொருத்தும் எளிய ஸ்கேனர் ஒன்று போதும். அதில் ஃபியூல் ட்ரிம் என்று இரண்டு எண்கள் தெரியும். ஒன்று குறுகிய காலத்துக்கானது, மற்றொன்று நீண்ட காலத்துக்கானது. மேப்பில் உள்ள எண்ணுக்கும் இன்ஜினுக்கு உண்மையில் தேவைப்படும் பெட்ரோலுக்கும் உள்ள இடைவெளியை ஈசியூ தானாகவே நிரப்பிக்கொள்கிறது. எவ்வளவு நிரப்பியது என்பதுதான் இந்த எண். கூட்டல் குறி இருந்தால் கூடுதல் பெட்ரோல் ஊற்றுகிறது, கழித்தல் குறி இருந்தால் குறைக்கிறது. இரண்டையும் கூட்டினால் 5 சதவீதத்துக்குள் ஏறி இறங்குவது நல்ல அறிகுறி. 10 சதவீதத்தைத் தாண்டி நிலைத்து நின்றால் எங்கோ கோளாறு.

என் காரில் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, நீண்ட கால ட்ரிம் +14 என்று நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்தால் +3க்கு இறங்கியது. ஓட்டும்போது எந்தக் குறையும் தெரியவில்லை, எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ஐடிலில் அதிகமாகவும் வேகம் கூடக் கூடக் குறைவாகவும் இருந்தால், கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது என்று பொருள். பானட்டைத் திறந்து ஒவ்வொரு ரப்பர் குழாயாக வளைத்துப் பார்த்தேன். இன்டேக் மேனிஃபோல்டின் பின்புறம், கை நுழையாத இடத்தில், சுண்டுவிரல் தடிமன் குழாய் ஒன்று முழங்கையாக வளையும் இடத்தில் வெடித்திருந்தது. விரலால் அழுத்தினால் பிளவு வாய் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. அந்தக் குழாயோடு எடுத்த பதிவை வைத்து ஒருவர் பெட்ரோல் அட்டவணையைத் திருத்தியிருந்தால், அவர் திருத்தியது என் இன்ஜினை அல்ல, அந்தப் பிளவைத்தான்.

இதற்கு நேர்மாறாக, சுமை ஏற ஏற ட்ரிம் கூடினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சார் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். டியூன் ஏற்றிய பிறகு இன்ஜின் இன்னும் அதிக பெட்ரோல் கேட்கும். ஏற்கெனவே தள்ளாடும் பம்ப் அப்போது கைவிட்டுவிடும்.

ட்ரிம் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் சோதனை, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளப்பது. சிலிண்டர்களுக்கு இடையே வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்து கிளட்ச்: உயர்ந்த கியரில், குறைந்த வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதியுங்கள். கார் வேகம் பிடிக்காமல் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் நழுவுகிறது. சிவிடி (படிகள் இல்லாமல் கியர் மாறும்) கியர்பாக்ஸ் என்றால் அது தாங்கும் டார்க் எவ்வளவு என்று விசாரிக்காமல் ஓர் அடியும் எடுத்துவைக்காதீர்கள்.

படி 4: உங்களுக்குக் கிடைக்கும் பெட்ரோல் எது?

தீப்பொறியிலிருந்து பரவும் தீ வந்து சேர்வதற்குள், ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் கலவை வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் தானே வெடிப்பதுதான் நாக்கிங். பிஸ்டனில் வளையங்களைத் தாங்கும் மெல்லிய விளிம்பை உடைப்பது பெரும்பாலும் இதுதான். ஆக்டேன் எண் உயர்ந்த பெட்ரோல் இதைத் தாங்கும். டியூனர்கள் தீப்பொறியை முன்னே நகர்த்துவதும் அதை நம்பித்தான்.

இங்கே பலர் சறுக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஆக்டேனை அளக்க உலகில் ஒரே முறை இல்லை. பல நாடுகளில் பம்பில் எழுதியிருப்பது ஆர்ஓஎன். அமெரிக்காவில் எழுதியிருப்பது ஏகேஐ. ஆர்ஓஎன் முறையில் 95 என்பது ஏகேஐ முறையில் ஏறக்குறைய 91. ஆகவே “91 பெட்ரோலுக்கான மேப்” என்று விற்பவர் சொன்னால், எந்த 91 என்று கேளுங்கள். அவர் சொன்னது ஏகேஐயாக இருந்து, நீங்கள் 91 ஆர்ஓஎன் ஊற்றினால் நாக்கிங் வந்து இன்ஜின் தட்டத் தொடங்கும். எப்போதாவது கிடைக்கும் உயர்தரப் பெட்ரோலை வைத்தும் கணக்குப் போடாதீர்கள். உங்கள் வழக்கமான பாதையில் எல்லா நாளும் கிடைப்பது எதுவோ அதுதான் உங்கள் பெட்ரோல்.

படி 5: விற்பவர் உங்களிடம் என்ன கேட்கிறார்?

அவரிடம் நீங்கள் என்ன கேட்பது என்று யோசிப்பதைவிட, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். என் தேர்வு முழுக்க இதை வைத்துத்தான் நடந்தது.

நான் இரண்டு பேருக்கு எழுதினேன். முதலாமவர் காரின் பெயரையும் ஆண்டையும் கேட்டார், ஐந்தே நிமிடத்தில் பணம் கட்டுவதற்கான இணைப்பை அனுப்பினார். இரண்டாமவர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பிளக் எப்போது மாற்றினீர்கள், இடைவெளி எவ்வளவு வைத்தீர்கள், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் ஓட்டுகிறீர்கள், கோடையில் வெப்பம் எவ்வளவு, முன்பு யாராவது டியூன் ஏற்றியிருக்கிறார்களா என்று ஒரு பட்டியலே அனுப்பினார். பிறகு, எதையும் மாற்றாத நிலையில் ஒரு ஓட்டப் பதிவு வேண்டும் என்றார். அனுப்பினேன். உள்ளே வரும் காற்றின் வெப்பம் தொடக்கத்திலேயே 58 டிகிரி இருப்பதைச் சுட்டிக்காட்டி, “காரை நிறுத்தி வைத்திருந்து உடனே எடுத்த பதிவு இது, பத்து நிமிடம் ஓட்டிக் காற்று குளிர்ந்த பிறகு மறுபடி எடுங்கள்” என்று எழுதினார். அதுவரை அவர் என்னிடம் ஒரு காசும் வாங்கியிருக்கவில்லை. விலை கூடுதலாக இருந்தும் அவரிடமே வாங்கினேன்.

நீங்கள் கேட்க வேண்டியவையும் சில உண்டு. எத்தனை முறை திருத்தித் தருவார்? பழைய கோப்பு என் கைக்கு வருமா? சில கருவிகள் ஈசியூவில் உள்ள கோப்பை உண்மையில் படிப்பதில்லை. அதே எண்ணுள்ள தொழிற்சாலைக் கோப்பைத் தங்கள் சேமிப்பிலிருந்து எடுத்துத் தருகின்றன. அது வேலை செய்யும், ஆனால் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. நேரடி இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைத் தெளிக்கும் முறை) உள்ள டர்போ கார் என்றால், 2,000 சுற்றை ஒட்டி எவ்வளவு டார்க் வைக்கப் போகிறார் என்றும் கேளுங்கள். மிகக் குறைந்த சுற்றில் மிகப் பெரிய சுமை, தீப்பொறி விழுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டும். “அடியிலேயே இடி மாதிரி இழுக்கும்” என்று பெருமைப்படுபவரைவிட, “அங்கே அடக்கித்தான் வைப்பேன்” என்பவர் நம்பத் தக்கவர்.

படி 6: ஒரு பதிவையாவது நீங்களே படித்துப் பழகுங்கள்

விற்பவர் வேறொரு காரின் மாதிரிப் பதிவைக் காட்டினால் வாங்கிப் பாருங்கள். முழு ஆக்சிலேட்டரில் எடுத்த பகுதியில் லாம்டா என்ற பத்தியைத் தேடுங்கள். கலவையின் விகிதத்தைக் காட்டுவது அது: 14.7 பங்கு காற்று என்றால் 1, பெட்ரோல் கூடினால் 1க்குக் கீழே. டர்போ பெட்ரோல் இன்ஜினில் அது பெரும்பாலும் 0.80க்கும் 0.88க்கும் இடையில் இருக்கும். 3,000 சுற்றில் 0.84 இருந்து, 6,000 சுற்றில் 0.95ஐ நோக்கி ஏறிக்கொண்டே போனால் பம்போ இன்ஜெக்டரோ எல்லையைத் தொட்டுவிட்டது. அடுத்து நாக் திருத்தம். இன்ஜின் தட்டுவதை உணர்ந்து ஈசியூ தீப்பொறி நேரத்தில் எத்தனை டிகிரி பின்வாங்கியது என்று அது காட்டும். நான்கு சிலிண்டரிலும் ஒன்றாகப் பின்வாங்கினால் பெட்ரோல், காற்றின் வெப்பம், மேப் ஆகியவற்றில் ஏதோ சரியில்லை. ஒரே சிலிண்டரில் மட்டும் மறுபடி மறுபடி 3 டிகிரி என்று வந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள்.

உங்கள் பதிவை எடுக்கும்போது இதைப் பொதுச் சாலையில் செய்ய வேண்டாம். டைனோவிலோ (நின்ற இடத்திலேயே சக்கரங்களைச் சுழலவிட்டு அளக்கும் கருவி) மூடிய ஓட்டத்தடத்திலோ எடுங்கள். ஒரு மணி நேர டைனோ கட்டணம் வீண் செலவே அல்ல.

படி 7: வாரண்டி, சட்டம், கணக்கு

கோப்பு மாறியது தெரியாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மேப்பின் அடையாள எண்ணையும் சரிபார்ப்பு எண்ணையும் ஓபிடி வழியாகவே படிக்க முடியும். எத்தனை முறை எழுதப்பட்டது என்பதைச் சில ஈசியூக்கள் எண்ணியும் வைக்கின்றன. வாரண்டி மிச்சம் இருந்து, அதை இழந்தால் தாங்க முடியாது என்றால் இப்போது வாங்க வேண்டாம். புகை வடிகட்டியையோ, புகையின் நஞ்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையோ முடக்கித் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம். பல நாடுகளில் அது குற்றம், எல்லா இடத்திலும் அடுத்தவர் மூச்சில் கலக்கும் நஞ்சு. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

செலவைக் கணக்கிடும்போது கோப்பின் விலையோடு கேபிள், புதிய பிளக், டைனோ கட்டணம், இனி எப்போதும் ஊற்ற வேண்டிய உயர்தரப் பெட்ரோல், முன்கூட்டியே தேயும் கிளட்ச் எல்லாவற்றையும் சேருங்கள். பல கருவிகள் ஒரே காரோடு பூட்டப்பட்டவை. காரை விற்றால் கருவி பயன்படாது. நம்பிக்கையான டியூனர் ஒருவர் டைனோவோடு பக்கத்திலேயே இருந்தால், இத்தனையும் படித்த பிறகும் நான் அவரிடமே போகச் சொல்வேன்.

படி 8: வாங்குவது என்று முடிவானால்

ஏற்றும் நாளில் பேட்டரிக்குத் துணையாக நிலையான மின்சாரம் தரும் சார்ஜரை மாட்டுங்கள். எழுதும் நடுவில் மின்னழுத்தம் விழுந்தால் ஈசியூ செயலிழந்துபோகலாம். விளக்கு, ஏசி, ரேடியோ எல்லாம் அணைந்திருக்கட்டும். மடிக்கணினியின் உறக்க நிலையையும் நிறுத்தி வையுங்கள். ஈசியூவைப் பார்சலில் அனுப்புவதென்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே எடுங்கள், முனைகளை விரலால் தொடாதீர்கள், நிலைமின்சாரம் தடுக்கும் பையில் வைத்துக் காப்பீட்டோடு அனுப்புங்கள்.

பழைய கோப்பை இரண்டு இடங்களில் சேமியுங்கள். சர்வீஸுக்கு விடும்போது ஈசியூவில் மென்பொருள் புதுப்பிப்பு எதுவும் ஏற்ற வேண்டாம் என்று வேலைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஏற்றினால் நீங்கள் வாங்கிய டியூன் அழிந்துவிடும்.